பரணில் தூங்கும் பழைய வீரன்
புதிய கம்ப்யூட்டரில் எழுப்புவது எப்படி?

காரைக்குடிக்குப் போகிறவர்கள் முனீஸ்வரன் கோவில் தெருவை ஒரு சுற்றுச் சுற்றாமல் திரும்புவதில்லை. பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. செட்டிநாட்டு வீடுகளின் பரணிலிருந்து இறங்கி வந்த பித்தளைப் பாத்திரம், எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, மரச் சிற்பம் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். அவற்றின் நடுவே கிராமபோன் பெட்டியும் கண்ணில் படும்.

கிராமபோன் தட்டுக்கு ஒரு குணம் உண்டு. அது அதற்கென்று விதித்த வேகத்தில்தான் சுழல வேண்டும். நிமிஷத்திற்கு 33 சுற்று சுழல வேண்டிய தட்டை 78 சுற்றில் ஓட்டினால் என்ன ஆகும்? கம்பீரமான பாட்டு கீச்சுக் குரலாகிவிடும்! தட்டிலே குற்றமில்லை. பாடியவர் மேலும் குற்றமில்லை. இயந்திரத்தின் வேகம் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் இதே கதிதான் நேர்கிறது. 1990-களின் கடைசியில் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஊருக்கு வந்த உறவினர்கள் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்து கொடுத்த சி.டி.க்கள் செட்டிநாட்டு வீடுகளில் இன்னும் இருக்கக்கூடும். அவற்றை இன்றைய கம்ப்யூட்டரில் போட்டால் ஓடாது. ஓடினாலும் தலைதெறிக்க ஓடும். "கெட்டுப் போய்விட்டது" என்று குப்பையில் எறிகிறோம்.

எறிய வேண்டாம்! பெரும்பாலும் அது கெடவில்லை. அதை எழுப்பும் உபாயம் இருக்கிறது.

தாயக்கட்டையின் தம்பி

கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் 'ஆர்.பி.ஜி.' என்று ஒரு வகை உண்டு. வேடம் ஏற்று ஆடுவது என்று பொருள். ஆடுகிறவர் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ வேடம் ஏற்கிறார். ஊர் ஊராகப் போகிறார். கண்டவரோடு பேசுகிறார். சண்டை போடுகிறார். தேர்ச்சி பெறுகிறார். ஒரு நாவலைப் படிக்காமல் அதற்குள் புகுந்து வாழ்வது போன்றது.

இதன் மூதாதை கம்ப்யூட்டரே அல்ல. 1974-ல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டம் அது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, கட்டை உருட்டி, கதை சொல்லி ஆடுவார்கள். நம் வீட்டுத் தாயத்தில் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் அல்லவா? அதைப் போல, வீசிய வாள் எதிரிமேல் பட்டதா இல்லையா என்பதைக் கட்டைதான் தீர்மானிக்கும். கம்ப்யூட்டர் வந்தபின் அந்தக் கட்டையை அது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே உருட்டத் தொடங்கியது.

1981-ல் 'அல்டிமா' வந்தது. 1996-ல் 'டேகர்ஃபால்' வந்தது. அதிலே நடந்து திரியும் உலகத்தின் பரப்பு சுமார் 1,60,000 சதுர கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டின் பரப்பே சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர்தான்! 1997-ல் 'ஃபால்அவுட்', 1998-ல் 'பால்டர்ஸ் கேட்' வெளிவந்தன. ஒன்றை முடிக்கப் பல வாரங்கள் ஆகும். அப்படி ஆடியவர்களுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். தாம் வாழ்ந்த அந்த உலகத்தைத் தம் பிள்ளைக்குக் காட்ட அவர்கள் ஆசைப்படுவது நியாயந்தானே!

நான்கு நோய்கள்

வைத்தியம் பார்க்குமுன் நோய் தெரிய வேண்டும். பழைய விளையாட்டைப் பிடிப்பவை பெரும்பாலும் நான்கே நோய்கள்.

முதல் நோய் வேகம். 1981-ல் வந்த ஐ.பி.எம். கம்ப்யூட்டரின் இதயம் விநாடிக்கு சுமார் 47 லட்சம் முறை துடித்தது. இன்றைய இயந்திரங்களில் 400 கோடி முறை துடிப்பது சர்வ சாதாரணம். அக்காலத்துப் புரோகிராமர்கள் பலர் கடிகாரத்தைப் பாராமல் அந்தத் துடிப்பையே கணக்காக வைத்து எழுதிவிட்டார்கள். அதனால் புதிய இயந்திரத்தில் எதிரி கண் சிமிட்டுவதற்குள் நம்மைக் கொன்றுவிடுகிறான். 'ஃபால்அவுட்' விளையாட்டில் வரைபடத்தின்மேல் பயணம் போனால், பல நாள் நடை நொடியில் முடிந்துவிடுகிறது!

இந்த நோய் அன்றே தெரிந்ததுதான். பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளின் முகப்பில் 'டர்போ' என்று ஒரு பொத்தான் இருந்தது பலருக்கு நினைவிருக்கலாம். பெயர் என்னவோ வேகத்தின் பெயர். உண்மையில் அது இருந்தது, பழைய புரோகிராம்களுக்காக இயந்திரத்தை மெதுவாக்குவதற்கு! விசித்திரமாக இல்லை?

இரண்டாம் நோய் பாஷை. பழைய புரோகிராம்கள் '16 பிட்' என்ற முறையில் எழுதப்பட்டவை. இன்றைய '64 பிட்' விண்டோசுக்கு அந்தப் பேச்சே புரியாது. சில சமயம் விளையாட்டு 32 பிட்டாக இருக்கும்; அது விண்டோசுக்குப் புரியும். ஆனால் அதை ஏற்றி வைக்கும் 'செட்டப்' மட்டும் 16 பிட்டாக இருக்கும். வீடு சரியாக இருக்கிறது, சாவி மட்டும் பொருந்தவில்லை என்ற கதைதான்.

மூன்றாம் நோய் காவலாளி. திருட்டு சி.டி.யைத் தடுக்க 'சேஃப்டிஸ்க்' போன்ற பூட்டுகளை அந்நாளில் போட்டார்கள். அந்தப் பூட்டு விண்டோசின் உள்ளறைவரை நுழைந்து வேலை செய்தது. அதனால் கம்ப்யூட்டரின் பாதுகாப்புக்கே ஆபத்து என்று தெரிந்தது. 2015-ல் வந்த விண்டோஸ் 10 அதை உள்ளே விட மறுத்துவிட்டது. விளைவு? காசு கொடுத்து வாங்கிய அசல் சி.டி.யும் ஓடவில்லை!

நான்காம் நோய் கண். 1990-களின் பிற்பகுதியில் '3டிஎஃப்எக்ஸ்' என்ற கம்பெனியின் 'வூடூ' படப்பலகை கொடிகட்டிப் பறந்தது. பல விளையாட்டுகள் அதனோடு 'கிளைடு' என்ற அதன் தனிப் பாஷையில் பேசின. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் அந்தக் கம்பெனி தன் சொத்துக்களை என்விடியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டது. பலகை போயிற்று. அந்தப் பாஷையைப் பேசிய விளையாட்டுகள் அநாதையாயின.

முதல் வைத்தியம்: பாவனை

நாடகத்தில் இருபது வயது நடிகர் எண்பது வயதுக் கிழவராக நடிப்பதில்லையா? அவ்வாறே புதிய கம்ப்யூட்டரைப் பழைய கம்ப்யூட்டராக நடிக்கச் செய்யலாம்.

இதற்கென்று உள்ள புரோகிராம்களில் புகழ் பெற்றது 'டாஸ்பாக்ஸ்'. 2002-ல் வெளிவந்தது. இலவசம். விண்டோசுக்கு முந்திய 'டாஸ்' காலத்து இயந்திரத்தை அப்படியே உள்ளுக்குள் உருவாக்கிக் காட்டும். பழைய சவுண்ட் பலகையாகவும் அதுவே நடிக்கும். பாவம், விளையாட்டுக்கு ஏமாற்றப்படுவது தெரியாது! தான் 1992-ல்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒழுங்காக ஓடும்.

செய்முறை கடினமல்ல. விளையாட்டின் கோப்புகளைத் தனியாக ஒரு ஃபோல்டரில் வைக்க வேண்டும். டாஸ்பாக்ஸைத் திறந்து, 'மவுண்ட்' என்ற கட்டளையால் "இந்த ஃபோல்டர்தான் உன்னுடைய சி டிரைவ்" என்று சொல்லிவிட வேண்டும். பிறகு விளையாட்டின் பெயரைத் தட்டினால் போதும்.

முக்கியமான சூட்சுமம் வேகத்தில் இருக்கிறது. கண்ட்ரோல் விசையோடு எஃப்11 அழுத்தினால் வேகம் குறையும். எஃப்12 அழுத்தினால் கூடும். 'சைக்கிள்ஸ்' என்ற எண்ணிக்கையில் அது காட்டும். மிகப் பழைய ஆட்டங்களுக்கு 3000 என்பது நல்ல தொடக்கம். பாத்திரங்கள் இயல்பாக நடக்கும்வரை கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். எல்லை மீறிக் கூட்டினால் சத்தம் திக்கும், படம் விக்கும். அப்போது ஒரு படி இறக்கிவிட வேண்டும். அடுப்பில் தீயைத் தணிப்பது போலத்தான்!

இரண்டாம் வைத்தியம்: துபாஷி

விண்டோஸ் காலத்து விளையாட்டுகளுக்கு முழு நாடகம் தேவையில்லை. நடுவில் ஒரு துபாஷி இருந்தால் போதும்.

'டிஜிவூடூ' என்ற இலவசப் புரோகிராம் அப்படிப்பட்ட துபாஷி. விளையாட்டு பழைய பாஷையில் "இந்தப் படத்தை வரை" என்று கேட்கும். துபாஷி அதை வாங்கி, இன்றைய படப்பலகைக்குப் புரியும் பாஷையில் சொல்லும். அநாதையாகிப் போன அந்த 'வூடூ' விளையாட்டுகள்கூட இதனால் உயிர் பெறுகின்றன.

அதற்கும் முன்னால் ஒரு கை வைத்தியம் உண்டு. விளையாட்டின் சின்னத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்' போய், 'கம்பாட்டிபிலிட்டி' என்ற பக்கத்தில் விண்டோஸ் எக்ஸ்பி என்று தேர்ந்தெடுப்பது. பல விளையாட்டுகளுக்கு இந்தக் கஷாயமே போதும்.

மூன்றாம் வைத்தியம்: டப்பிங்

மூன்றாவது வைத்தியத்தைப் புரிந்துகொள்ள மறுபடியும் காரைக்குடிக்குத்தான் வர வேண்டும்.

காரைக்குடியில் கிராமபோன் தட்டு விற்ற குடும்பத்தில் பிறந்தவர் ஏவி. மெய்யப்பச் செட்டியார். சினிமாத் துறைக்கு வந்தபின், 1943-ல் வெளிவந்த 'ஹரிச்சந்திரா' என்ற கன்னடப் படத்தை அவர் எடுத்துக்கொண்டார். படத்தை மறுபடி எடுக்கவில்லை. காட்சிகளை அப்படியே வைத்துக்கொண்டு, பேச்சை மட்டும் தமிழாக்கி 1944-ல் வெளியிட்டார். இந்தியாவிலேயே முதல் டப்பிங் படம் என்று அது பெயர் பெற்றது. பிற்பாடு சொந்த ஊரிலேயே, தேவகோட்டை ரஸ்தாவில், ஸ்டுடியோ அமைத்து 'நாம் இருவர்' எடுத்ததும், 1948-ல் ஸ்டுடியோ சென்னைக்குப் போனதும் ஊரறிந்த சரித்திரம்.

பழைய விளையாட்டுக்கும் இப்படிச் செய்கிறார்கள். ஒரு விளையாட்டில் இரண்டு பாகம் உண்டு. படம், பாட்டு, கதை, வரைபடம் எல்லாம் சேர்ந்தது சரக்கு. அந்தச் சரக்கை எடுத்து ஓட்டிக் காட்டுவது என்ஜின். சரக்கு பழையபடியே இருக்கட்டும், என்ஜினை மட்டும் புதிதாக எழுதிவிடுவோம் என்று ரசிகர்கள் கிளம்பினார்கள். கூலி கிடையாது. ஓய்வு நேரத்து உழைப்பு.

1992-ல் வந்த 'அல்டிமா 7' விளையாட்டுக்கு 'எக்ஸல்ட்' என்ற புதிய என்ஜின் வந்தது. 2002-ல் வந்த 'மாரோவிண்ட்' விளையாட்டுக்கு 'ஓபன்எம்டபிள்யூ' வந்தது. தமிழ்நாட்டைவிடப் பெரிது என்று சொன்னோமே, அந்த 'டேகர்ஃபால்' விளையாட்டுக்கு 'டேகர்ஃபால் யூனிட்டி' வந்தது. பல வருஷ உழைப்புக்குப் பின் 2023 டிசம்பரில் அதன் முழுப் பதிப்பு வெளியாயிற்று. அசல் விளையாட்டில் நடந்துகொண்டிருக்கும்போதே தரை வழியாகப் பாதாளத்தில் விழுந்துவிடும் கோளாறு பிரசித்தம். புதிய என்ஜினில் அந்தத் தொல்லை இல்லாமல், பெரிய திரையில் தெளிவாக ஆடலாம். அசல் விளையாட்டை 2009-லேயே பெதஸ்டா கம்பெனி இலவசமாக்கிவிட்டது. ஆகவே காலணா செலவில்லை!

வழவழவென்று ஓட

எழுந்து உட்கார்ந்தால் போதாது. தடங்கலின்றி ஓடவும் வேண்டும். அதற்குச் சில குறிப்புகள்.

ஒன்று: விளையாட்டை 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில் ஏற்ற வேண்டாம். பழைய விளையாட்டுகள் 'சேவ்' செய்வதைத் தம் ஃபோல்டரிலேயே எழுதும். இன்றைய விண்டோஸ் அங்கே எழுத விடாது. சி டிரைவில் தனி ஃபோல்டர் போட்டுவிட்டால் தகராறு இல்லை.

இரண்டு: விநாடிக்கு எத்தனை படம் என்பதற்கு வரம்பு போடுங்கள். 144 படம் காட்டும் திரைகள் இப்போது வந்துவிட்டன. ஆனால் 2011-ல் வந்த 'ஸ்கைரிம்' விளையாட்டுக்கே 60-க்கு மேல் போனால் பித்துப் பிடிக்கிறது. மேஜைமேல் உள்ள தட்டுகள் தாமாகப் பறக்கின்றன! படப்பலகையின் அமைப்புப் பக்கத்தில் 60 என்று வரம்பு வைத்தால் அடங்கிவிடும்.

மூன்று: பழைய விளையாட்டின் படம் அகலத்துக்கு நான்கு பங்கு, உயரத்துக்கு மூன்று பங்கு என்ற கணக்கில் அமைந்தது. அகலத் திரைக்கு இழுத்தால் வீரர்கள் எல்லாரும் குண்டாகிவிடுவார்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

நான்கு: 32 பிட் விளையாட்டுகள் வழக்கமாக 2 ஜி.பி. நினைவகத்துக்கு மேல் தொடுவதில்லை. கம்ப்யூட்டரில் 16 ஜி.பி. இருந்தாலும் பயனில்லை. 2010-ல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' திணறுவதற்கு இது ஒரு காரணம். '4 ஜி.பி. பேட்ச்' என்ற சிறிய ஒட்டுப் போட்டால் மூச்சு விடும்.

இவ்வளவுக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. போலந்து நாட்டில் 2008-ல் தொடங்கிய 'ஜி.ஓ.ஜி.' என்ற கடை, பழைய விளையாட்டுகளை உரிமையோடு வாங்கி, டாஸ்பாக்ஸ் முதலியவற்றைத் தானே பொருத்தி, ஏற்றினவுடன் ஓடும்படி விற்கிறது. திருட்டுப் பிரதி தேடி வைரஸை வீட்டுக்கு அழைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தொலைந்த மூலம்

மூலமே தொலைந்துவிட்டால் எந்த வைத்தியரும் சுலபமாகக் கை கொடுக்க முடியாது. 2002-ல் வந்த 'ஐஸ்விண்ட் டேல் 2' விளையாட்டைப் புதுப்பிக்க ஒரு கம்பெனி விரும்பியது. மூல நிரல், அதாவது புரோகிராமர்கள் கைப்பட எழுதிய மூலப் பிரதி, தேடியும் கிடைக்கவில்லை. திட்டத்தைக் கைவிட்டார்கள். ஓர் இருபது வருஷத்துக்குள் இந்தக் கதி!

'ஃபால்அவுட்' கதை இன்னும் விறுவிறுப்பானது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் டிம் கெய்ன். கம்பெனியை விட்டு விலகும்போது தம்மிடமிருந்த பிரதிகளையெல்லாம் அழிக்கும்படி உத்தரவு வந்ததாகவும், அப்படியே செய்ததாகவும் 2025-ல் அவர் சொன்னார். ரசிகர்கள் திடுக்கிட்டார்கள். ஆனால் அதே கம்பெனியின் ஸ்தாபகர்களில் ஒருவரான ரெபெக்கா ஹைன்மன் என்ற பெண்மணி, "என்னிடம் இருக்கிறது" என்று அறிவித்தார். கம்பெனியின் பழைய விளையாட்டுகளின் மூலத்தைச் சேர்த்து வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. அதே வருஷம் நவம்பரில் அவர் காலமானார். அவருடைய அந்தப் பழக்கம் ஒரு பெரிய படைப்பைக் காப்பாற்றிவிட்டது.

எல்லா விளையாட்டுக்கும் இப்படி ஒருவர் வாய்ப்பதில்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இப்போது கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று 2023-ல் அங்குள்ள வீடியோ கேம் சரித்திர ஸ்தாபனம் ஆராய்ந்து சொன்னது.

கோட்டையூர் காட்டிய வழி

இதற்கெல்லாம் நம்மிடம் ஒரு பழைய பாடம் இருக்கிறது. காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். ஊரார் வேண்டாமென்று ஒதுக்கிய தமிழ்ப் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம் என்று எதையும் விடாமல் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். சுமார் ஒரு லட்சம் உருப்படிகள்! 1992-ல் அவர் மறைந்தார். பின்னர் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதை வேற்று நாட்டுக்குக் கொண்டு போகாமல், சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைபெறச் செய்தார்கள். இன்று தமிழ் ஆராய்ச்சி செய்கிறவர்கள் அங்கே போகாமல் இருப்பதில்லை.

அந்த நூலகத்தில் புத்தகத்தைப் பூட்டி வைத்ததோடு நிற்கவில்லை. முதலில் மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். காலம் மாறியதும் கம்ப்யூட்டர் படமாக மாற்றினார்கள். காப்பாற்றுவது என்றால் பெட்டியில் வைப்பது மட்டும் அல்ல. அந்தந்தக் காலத்து மனிதன் எடுத்துப் படிக்கும்படி வைப்பது. பழைய விளையாட்டை டாஸ்பாக்ஸில் ஓட்டும் பையனும் செய்வது அதே காரியந்தான்.

பனை ஓலையைப் படிக்கக் கண் இருந்தால் போதும். சி.டி.யைப் படிக்க டிரைவ் வேண்டும், அதற்கேற்ற விண்டோஸ் வேண்டும், அதற்கேற்ற பலகை வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் உள்ளே இருப்பது ஊமையாகிவிடும். விளையாட்டுக்கு மட்டுமல்ல, பழைய ஃபாண்டில் தட்டி வைத்த தமிழ்க் கணக்குக்கும் கல்யாணப் படத்துக்கும் இதே ஆபத்து உண்டு.

இன்றே செய்யலாம்

ஆகவே வாசகர்களே, இன்று ஞாயிற்றுக்கிழமை. பரணில் ஏறிப் பாருங்கள். பழைய சி.டி. கிடைத்தால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் துடையுங்கள். வட்டமாகத் துடைக்க வேண்டாம். கீறல் விழுந்தால் பிறகு படிக்காது. இப்போதைய லேப்டாப்களில் சி.டி. வாய் இருக்காது. யு.எஸ்.பி.யில் செருகும் தனி டிரைவ் கடையில் கிடைக்கும். அதை மாட்டி, முதல் வேலையாக முழு சி.டி.யையும் 'ஐ.எஸ்.ஓ.' என்ற ஒரே கோப்பாகப் பிரதி எடுத்து வையுங்கள். சி.டி.க்கும் ஆயுள் உண்டு. பூசிய உலோகம் மங்கிவிட்டால் எந்தப் பாவனையும் பலிக்காது. உறையில் அச்சிட்ட எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் சில விளையாட்டுகள் கதவையே திறக்கமாட்டா.

பிறகு டாஸ்பாக்ஸோ துபாஷியோ டப்பிங்கோ, எது பொருந்துமோ அதைச் செய்யுங்கள். ஒரு மாலைப்பொழுது பிடிக்கும். முதல் முறையிலேயே ஓடிவிடாது. வேகத்தை ஒரு படி ஏற்றி, ஒரு படி இறக்கிப் பாருங்கள்.

திரையில் அந்தப் பழைய வீரன் எழுந்து நின்று இயல்பாக நடக்கத் தொடங்கியதும், பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் மவுசைக் கொடுத்துவிடுங்கள்.